மூன்று நாள் தொட்டி

வாடகை மூன்று நாளைக்கு.
நாலாம் நாள் விடிந்தால் தனிக்காசு என்று
இறக்கும்போதே சொல்லிவிட்டார் தசரதன்.
"ரப்பீஸ் மட்டும்தாம்மா.
மெத்தை, தெர்மோகோல், தேங்கா மட்டை கண்டா
வண்டியில ஏத்த மாட்டேன்."

மஞ்சள் பெயின்ட் உரிந்த இரும்புத் தொட்டி.
அயனாவரத்தில் எங்கள் தெரு பதினாறடி.
ஆறடியை அது எடுத்துக்கொண்டது.
மீதிப் பத்தில்
பால் வண்டி, பள்ளி ஆட்டோ, வசவு
எல்லாம் போய் வந்தன.

இடித்தது ஒரு குளியலறை.
இருபத்திரண்டு வருடத்துக்கு முன்
மீன் படம் போட்ட டைல்ஸ்தான் வேண்டும் என்று
அடம்பிடித்தவள் நான்.
முனிரத்தினம் மேஸ்திரி தட்டத் தட்ட
வால் ஒரு சாக்கில், தலை ஒரு சாக்கில்.
மாடியிலிருந்து இறக்க சாக்குக்கு இருபது ரூபாய்.
பூங்காவனம் சும்மாடு கட்டி நடந்த நடையெல்லாம்
சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைத்தேன்.
சாயங்காலம் அந்தச் சுவரையும் இடித்துவிட்டார்கள்.
ஐம்பது என்றாள் அவள்,
நாற்பத்தொன்று என்றேன்,
ஐம்பதுக்கே கொடுத்தேன்.

முதல் ராத்திரி
யாரோ ஒரு டேபிள் ஃபேன்.
எறிந்ததாக இல்லை,
ஓரமாக, வெட்கமாக, உட்கார வைத்தாற்போல்.
காலையில் நான் யாரையும் கேட்கவில்லை.
அதுதான் தப்பு.

இரண்டாம் ராத்திரி
தெருவே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
நடந்திருக்கிறது.
விடிந்து பார்த்தால்
கைப்பிடி இல்லாத குக்கர்,
மூன்று வருடத்து நீட் புத்தகங்கள்,
ஒற்றைக்கால் தேய்ந்த வாக்கர்,
அப்புறம்
நூல் பிரிக்காத கல்யாணப் பத்திரிகைக் கட்டு.
மஞ்சள் மூலை தடவி,
போன தை மாதத்துத் தேதி.
நம் தெருவில் போன தையில்
எந்தப் பந்தலும் போடவில்லையே.
பெயர் தெரியாதபடி கவிழ்த்து வைத்துவிட்டு
அதன் மேல் இரண்டு சாக்கு
கொட்டச் சொன்னேன் பூங்காவனத்திடம்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
அந்த இரண்டு சாக்குக்குக் கூலியும் கேட்கவில்லை.

மூன்றாம் ராத்திரி
பிளாஸ்டிக் நாற்காலி, கொசு பேட்டோடு
வாசலில் காவல் உட்கார்ந்தேன்.
ஒன்றரை மணிக்கு
ஒரு மெத்தை தானாக நடந்து வந்தது.
அடியில் எதிர்வீட்டு கிருபாகரன்.
"தெருவை மறிச்சிருக்காங்க" என்று
முந்தாநாள் கார்ப்பரேஷனுக்குப் போன் போட்டவர்.
தலைமேல் பாரம், என்னைப் பார்க்கவில்லை.
பேட்டில் ஒரு கொசு படபடவென்று வெடித்தது.
அப்போது பார்த்தார்.

"அப்பா படுத்தது" என்றார்.
எட்டு மாசம்.
டெட்டால் வாசனை எனக்கும் வந்தது.
"குப்பை வண்டிக்காரன் எடுக்க மாட்டேங்கறான்.
வீட்டுல வைக்கவும் முடியல."
மெத்தை கூடாதாம் என்றேன்.
சரி என்றார்.
ஆனால் இறக்கி வைக்கவும் இல்லை,
திரும்பிப் போகவும் இல்லை.

நான் உள்ளே போய்
பூசணிக்காய் வெட்டுகிற கத்தியைக் கொண்டு வந்தேன்.

நாலு மணிவரை அறுத்தோம்.
உள்ளே பஞ்சு இல்லை, தேங்காய் நார்.
பிய்த்துப் பிய்த்து சிமென்ட் சாக்கில் திணித்து
மேலே மீன் துண்டுகளைப் பரப்பினோம்.
நடுப்பாகம் மட்டும் பள்ளமாக அமுங்கியிருந்தது,
ஓர் ஆள் அகலத்துக்கு.
அதை அவரே அறுத்தார்.
நான் அந்தப் பக்கம் திரும்பி
தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு தசரதன் கம்பியால் குத்திப் பார்த்தார்.
நுனியில் ஒரு கொத்து நார்.
"இன்னாம்மா இது?"
"டைல்ஸுக்கு அடியில போட்டிருந்தாங்க" என்றார்
பல் தேய்த்தபடி கிருபாகரன்.
தசரதன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
என் கையிலிருந்த இருநூறைப் பார்த்தார்.
"கொடுங்கையூர்ல எல்லாத்தையும் சலிச்சு அரைச்சு
நடைபாதைக்குக் கல்லாக்கிடுவான்" என்று
யாரும் கேட்காததற்குப் பதில் சொல்லிவிட்டு
சங்கிலியை மாட்டினார்.

தொட்டி போன இடத்தில்
தாரில் நாலு பள்ளம்.
பதினாறடியும் திரும்பக் கிடைத்தது தெருவுக்கு,
சாயங்காலம் வரைக்கும்.

பிறகு கிருபாகரன் தன் காரைக் கொண்டுவந்து
சரியாக அந்த நாலு பள்ளத்தில்
நாலு சக்கரத்தை நிறுத்தினார்.
என் வாசலை மறித்து.
போன் போடலாமா என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.